இருட்டில் சொன்னது

பிரசங்கத்துக்கு நடுவில் கோகிலவாணி கையை உயர்த்தினாள்.

இரும்புலியூரில் எங்கள் சபையில் யாரும் இப்படிக் கேள்வி கேட்பதில்லை. போதகர் மைக்கைப் பிடித்துவிட்டால் மின்விசிறிகூட மரியாதையாகத்தான் சுற்றும். நான் அவர் பக்கத்தில் நின்று, அவர் சொல்வதைக் காது கேளாதவர்களுக்குச் சைகையில் சொல்பவள்.

அவர்களுக்கான முன்வரிசையில் இன்று புதிதாக இவள். படப்பைப் பெண். சிறுசேரியில் என் தம்பி ஜெர்சனோடு ஒரே அலுவலகம். காது கேளாது என்று தெரிவதற்கு முன்பே குயிலின் பெயரை வைத்துவிட்டார்கள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஜெர்சனைக் கட்டிக்கொள்ள அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். ஒரே ஒரு ஞாயிறு வருவேன். உங்கள் கடவுளுக்கு என்னோடு பேச வருமா என்று பார்ப்பேன். வராது என்றால் கல்யாணமும் வேண்டாம்.

"அக்கா, இன்னைக்கு மட்டும் சொதப்பிடாதக்கா," என்று வண்டியை எடுக்கும்போதே கெஞ்சினான் தம்பி.

நான் சொதப்பவில்லை. போதகர் வேதத்தின் முதல் பக்கத்தைத் தொடங்கியிருந்தார். எங்கும் இருள், வேறொன்றுமில்லை. அந்த இருளில் கடவுள் பேசினார். பேசியதும் வெளிச்சம் வந்தது. எல்லாவற்றையும் கச்சிதமாகவே சொன்னேன், அதுதான் வம்பாகிவிட்டது.

அவள் கைகள் கேட்பதை நான் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அதுவும் என் வேலைதான்.

"பாஸ்டர், இவங்க கேக்குறாங்க... வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியே பேசினாருன்னா, அந்த இருட்டுல அவர் கை எப்படித் தெரியும்?"

யாரோ சிரித்தார்கள். போதகர் சிரிக்கவில்லை. மைக்கை வாயருகே கொண்டுபோனார், மறுபடி இறக்கினார். இத்தனை வருஷமாக இதே வசனத்தைக் கையால் சொல்லியும் எனக்கு அது தோன்றவேயில்லை. வெட்கமாக இருந்தது.

கோகிலவாணி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

ஆண்கள் பக்கத்திலிருந்து ஜெர்சன் எழுந்தான். நடுவழியைத் தாண்டிப் பெண்கள் பக்கம் வந்தான். அவள் நாற்காலி முன் மண்டியிட்டான்.

என்னிடம்தான் சைகை கற்கிறான், இன்னும் தடுமாற்றம்தான். இப்போது தடுமாறவில்லை. இடது கையால் அவள் கண்களைப் பொத்தினான். வலது கையால் அவள் விரல்களைக் குவித்து, மெதுவாக விரித்துவிட்டான்.

எங்கள் சைகையில் வெளிச்சம் என்றால் அதுதான்.

ஆராதனை நடுவே, அத்தனை பேர் பார்க்க, ஒரு பெண்ணைத் தொட்டுவிட்டான். மூப்பர் ஒருவர் எழுந்தே விட்டார். அவள் தட்டிவிட்டுப் போய்விடுவாள் என்று நான் பயந்தேன்.

அவள் அவன் கையை விலக்கவில்லை. கண்கள் மூடியபடியே இருக்க, அவள் கைகள் மட்டும் எழுந்து எதையோ கேட்டன.

போதகர் என்னைப் பார்த்தார். அவள் கேட்டதை வாய்விட்டுச் சொன்னேன்.

"அவ்ளோ கிட்டவா இருந்தார்?"