ரெஜினாவுக்குத் திறக்காத கதவு

நாள் முழுக்கக் கலவைச் சட்டி சுமந்ததில் சூடாமணிக்குக் கழுத்தே திரும்பவில்லை. ஆனாலும் வாசலுக்கு இரும்புக் கதவு பார்க்க, முன்பு அதே சித்தாள் வேலை பார்த்து இப்போது வீட்டோடு இருக்கும் பக்கத்து வீட்டு ரெஜினாவையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்திருந்தாள்.

"பூட்டு, கைப்பிடி, கீல் எல்லாம் இதே கம்பெனிதான் போடணும்க்கா. வேற போட்டா கதவு ஏத்துக்காது," என்றான் கடைக்காரன்.

"என் மாமியாவுக்கு மேல அடம் புடிக்குதே இந்தக் கதவு," என்றாள் ரெஜினா.

"சாவி கிடையாது. கைய வச்சா போதும், ஆளு எப்படின்னு கதவே பாத்துக்கும். நம்பக்கூடாத ஆளுன்னா திறக்காது."

ரெஜினாவின் கைராசி தெருவுக்கே தெரியும். "நீயே முதல்ல தொடுடி," என்றாள் சூடாமணி.

ரெஜினா கைப்பிடியைப் பிடித்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. கதவு அசையவில்லை. அடுத்து சூடாமணி தொட்டதும் திறந்துகொண்டது.

"ஏன் தம்பி?"

"காரணமெல்லாம் அது சொல்லாதுக்கா."

"சிமெண்டு தின்ன கையி, அதுக்கு எங்க புரியப்போவுது," என்று ரெஜினா சிரித்தாள். சூடாமணியின் கையும் அதே சிமெண்ட் தின்ற கைதான்.

விலை கட்டுப்படியாகாமல் இருவரும் திரும்பினார்கள். வழியெல்லாம் சூடாமணிக்குக் காணாமல்போன கொலுசும் குறைந்துபோன அரிசியும் ஞாபகம் வந்தன. வேலைக்குப் போகும்போது வீட்டுச் சாவியை ரெஜினாவிடம்தான் இத்தனை வருஷமும் கொடுத்து வந்தாள்.

தெருமுனையில் நின்றாள். "இனிமே சாவி என்கிட்டயே இருக்கட்டும்டி."

ரெஜினா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு நடந்தாள்.

பிரசவத்தில் சூடாமணி செத்துப் பிழைத்த அன்று அவள் உடம்பில் ஏறியது ரெஜினாவின் ரத்தம். அந்தக் கடன் இன்னும் அடையவில்லை.