தலைவருக்காக

"தலைவர் எங்கே?"

"நான்தான் மேடம்... அதாவது, எங்க வீட்ல."

"வீட்டுலயா இருக்காங்க?"

"இல்ல மேடம். எங்க வீட்லதான் தலைவர். இப்ப வெளியில போயிருக்கா."

ஆய்வுக்கு வந்த பெண் அதிகாரி கைப்பையை மேசைமேல் வைத்தார். வைத்த விதமே சரியில்லை. மரியாதைக்கு எழுந்திருக்கப் போன தலைவரின் கணவரை, சுழல் நாற்காலி அரைச்சுற்று சுற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டது. கால்களால் தரையைத் தள்ளித் தள்ளித் திரும்பி வந்து அசடு வழிந்தார்.

இரண்டரை வருஷமாக அந்த நாற்காலி அவருடையது. ஊராட்சி மன்றத் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியதும் மனைவியை நிறுத்தினார், ஜெயித்தார். ஜெயித்தது அவள் என்பது அவருக்கு எப்போதாவதுதான் ஞாபகம் வரும். அதற்கு முன் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். "இப்ப நானே ஜெராக்ஸ்தான்" என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அதையே அடுத்தவர் சொன்னால் முகம் சுண்டிவிடும்.

"புகார் வந்திருக்கு. இங்க தலைவரோட வீட்டுக்காரர்தான் கையெழுத்து போடறாராம். புதுச் சட்டம் தெரியுமில்ல?"

"பேப்பர்ல பார்த்தேன் மேடம். முழுசாப் படிக்கல."

"பெண் தலைவருக்குப் பதிலாப் புருஷன் நிர்வாகம் பண்ணினா, தலைவர் பதவி போயிடும். புருஷனுக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். தன்னை நாலு திட்டுத் திட்டுவார்கள், துடைத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்திருந்தார். போகப்போவது அவள் பதவியா?

காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுவாள். குழாயடி, பள்ளிக்கூடம், குப்பை வண்டி என்று சுற்றுவாள். "போயிட்டு வா, ஆபீஸை நான் பார்த்துக்கறேன்" என்று இவரும் பெருந்தன்மையாக அனுப்பி வைப்பார். இருபது வருஷக் குடித்தனத்தில் அவர் வாங்கித் தந்த எதற்கும் வராத ஒரு களை, இந்தப் பதவி வந்த பிறகு அவள் முகத்தில் வந்திருந்தது. அதுவும் தன்னால்தான் போக வேண்டுமா?

மேசையில் கிடந்த ஒரு மனுவை அதிகாரி எடுத்தார். கடை உரிமம் கேட்டு யாரோ எழுதியது. ஓரத்தில் பச்சை மை: 'வரிசை பார்க்காமல் உடனே வழங்கவும். தலைவருக்காக.' கீழே கோழி கிறுக்கிய மாதிரி ஒரு கையெழுத்து.

"இது யாரோடது?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அந்தப் பாழாய்ப்போன வாய் உண்மையைச் சொல்லிவிட்டது.

"என்னோடதுதான் மேடம். தெருவிளக்கு, சாக்கடை, பள்ளிக்கூடக் கூரை, எல்லாத்துக்கும் நான்தான் கையெழுத்து போட்டேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"தலைவருக்கு ஒண்ணுமே தெரியாது. அப்படித்தானே?"

காப்பாற்றப் போய்க் கவிழ்த்துவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. வாசலோரம் நின்ற எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. பாவம், நமக்காக அழுகிறார் என்று நினைத்து இவரும் சட்டைப்பையில் கைக்குட்டையைத் தேடினார்.

"இல்ல மேடம், உளறிட்டேன். அவ கெட்டிக்காரி. நான்தான் நாற்காலி ஆசையில முந்திக்கிட்டு உக்காந்துட்டேன். என்னை ஜெயில்ல வேணும்னாலும் போடுங்க. அவ பதவியில மட்டும் கை வெச்சிடாதீங்க."

"மொத்தம் எத்தனை கையெழுத்து போட்டிருப்பீங்க?"

"ஆயிரத்தைத் தாண்டும் மேடம்." அந்த நிலைமையிலும் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. அவருக்கே வெட்கமாக இருந்தது.

அப்போது மனைவி உள்ளே வந்தாள். செருப்பெல்லாம் சேறு. கையில் ஒரு துண்டு உடைந்த குழாய்.

"எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன். என்னை மன்னிச்சிடு" என்றார் இவர்.

"எதைங்க ஒத்துக்கிட்டீங்க?"

அதிகாரி கைப்பையிலிருந்து ஒரு கோப்பை எடுத்துப் பிரித்தார். "சார், இந்த மன்றத்துல இருந்து எங்களுக்கு இதுவரைக்கும் நானூத்திப் பன்னிரண்டு உத்தரவு வந்திருக்கு. எல்லாத்துலயும் இவங்க கையெழுத்து. உங்களுது ஒண்ணுலகூட இல்ல."

"அப்ப நான் போட்டதெல்லாம்?"

எழுத்தர் போய்ப் பின்சுவரில் இருந்த பீரோவைத் திறந்தார். மேல்தட்டிலிருந்து அடித்தட்டு வரை பச்சை மை மனுக்கள். திரும்பி நின்ற எழுத்தரின் முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட இல்லை. சிரிப்பை அடக்கியதில் காது மட்டும் சிவந்திருந்தது.

"நியாயமான மனுவைக் குழாயடியிலயே நான் வாங்கிடுவேன் மேடம்" என்றாள் தலைவர். "வீட்டுல வெச்சே கையெழுத்து போட்டு எழுத்தர்கிட்ட கொடுத்தனுப்பிடுவேன். இங்க இவரைத் தேடி வர்றவங்க, வரிசையைத் தாண்டப் பார்க்கற ஆளுங்க."

அதிகாரி பேனாவைத் திறந்தார். "சரி, அறிக்கையில உங்க வீட்டுக்காரரை என்னன்னு எழுதறது?"

அவள் ஒரு நிமிஷம் கணவனைப் பாசமாகப் பார்த்தாள்.

"நிர்வாகச் சீர்திருத்தம்னு எழுதிக்குங்க மேடம். இவரை இங்க உக்கார வெச்ச நாள்லேருந்து இந்த ஆபீஸ்ல ஒரு சிபாரிசுகூடப் பலிக்கல."