காயலான் கடைச் சரக்கு

"தூக்கிக் குப்பையில போடுய்யா! காயலான் கடைச் சரக்க வெச்சுக்கிட்டு மாநிலப் போட்டிக்குப் போகணுமாம்!"

லைல் போட்ட சத்தத்தில், சுடுகளத்தில் இருந்த எட்டுப் பேரும் காதுக் கவசத்தைக் கழற்றிவிட்டுத் திரும்பினார்கள்.

வர்ஜிலின் பிஸ்டல் மறுபடியும் சிக்கிக்கொண்டிருந்தது. சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு வெளியே விழாமல் பாதியில் நட்டுக்கொண்டு நின்றது. அன்றைய பயிற்சியில் அது மூன்றாவது தடவை.

வர்ஜிலுக்கு முகம் சிவந்துவிட்டது. "என் துப்பாக்கியப் பத்தி ஒரு வார்த்தை பேசாத, லைல். முப்பது வருஷம் வீடு வீடாத் தபால் குடுத்ததுக்கு, ஆபீஸே சேர்ந்து வாங்கிக் குடுத்தது."

"அதான் தபால் மாதிரியே லேட்டா வருது!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

களத்தை ஒட்டிய துப்பாக்கிக் கடையில் கல்லாவில் நிற்பவள் நான். வர்ஜில் எங்கள் கிளப்பின் பெருமை. இருபத்திரண்டு வருஷமாக நெப்ராஸ்கா மாநிலப் போட்டிக்கு விடாமல் போகிறவர். லைல் அணித் தலைவர், களத்தில் நடுவரும் அவரே. வாய் மட்டும் தேள் கொடுக்கு.

சிக்கியது துப்பாக்கியின் குறை என்றால் மறுபடி சுடலாம், சுடுகிறவரின் குறை என்றால் பூஜ்யம். எங்கள் விதி அப்படி. அதனால் ஒவ்வொரு தடவையும் லைல் சத்தமாகச் சொல்லித்தான் சீட்டில் எழுதுவார்.

"துப்பாக்கிக் கோளாறு! இந்தச் சனியனால இன்னொரு வாய்ப்பு!"

தோட்டாவை மாற்றினோம். தோட்டா அடைக்கும் மேகசினையும் புதிதாகப் போட்டோம். நானே கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டேன். அப்படியும் சிக்கியது.

"குடு, நான் சுட்டுப் பாக்கறேன்" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனார் லைல்.

வர்ஜில் என் கடையில் உட்கார்ந்து, கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காப்பி குடித்தார். உள்ளே பத்து வெடி சீராகக் கேட்டு ஓய்ந்தது.

லைல் வந்து துப்பாக்கியை மேசைமேல் வைத்தார். "நாலு தடவை சிக்குச்சு. நான் சொல்லல? ஓட்டை உடைசல்."

"பொய்!" வர்ஜில் எழுந்துவிட்டார். "நாடீன், இதுக்கு வாரண்டி இருக்கில்ல? கம்பெனிக்கு அனுப்பும்மா. ஒரு குறையும் இல்லன்னு அவங்களே எழுதித் தரட்டும். அதை இவன் மூஞ்சியில ஒட்டறேன்!"

லைலின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "எதுக்குய்யா அதெல்லாம்? பேசாம என் ரிவால்வரை எடுத்துச் சுடு. அது யார் கையிலயும் சிக்காது."

"உன் பிச்சை யாருக்கு வேணும்? நீ அனுப்பு, நாடீன்!"

அனுப்பினேன்.

மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கும் சனிக்கிழமை காலையில் பெட்டி திரும்பி வந்தது. கூடவே கடிதம். வர்ஜில் எல்லோர் முன்னாலும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"தங்கள் துப்பாக்கி நல்ல நிலையில் உள்ளது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் மட்டும் தங்களுக்குப் பொருந்தவில்லை. வாரண்டியில் மாற்றித் தந்துள்ளோம். சிரமத்துக்கு வருந்துகிறோம்."

"கேட்டியா, லைல்? பிசாத்து ஸ்பிரிங்! அதுக்குப் போய் என் துப்பாக்கியக் குப்பைன்னியே!"

அன்று அறுபது வெடி சுட்டார். ஒன்றுகூடச் சிக்கவில்லை. இருபத்து மூன்றாம் வருஷமும் அணிப் பட்டியலில் முதல் பெயர் அவருடையதுதான். எங்கள் வர்ஜில்! கை தட்டித் தட்டி என் உள்ளங்கை எரிந்தது.

"இப்ப மன்னிப்புக் கேளு" என்றார் வர்ஜில்.

"சரிய்யா, மன்னிச்சுடு."

"என்கிட்ட இல்ல. துப்பாக்கிகிட்ட."

லைல் தொப்பியைக் கழற்றினார். மேசை வரைக்கும் குனிந்தார். "அம்மணி, தெரியாமப் பேசிட்டேன். மன்னிச்சுடுங்க."

களமே அதிரச் சிரித்தது. நன்றாக வேண்டும் இந்த மனுஷனுக்கு என்று நானும் சிரித்தேன்.

எல்லோரும் கிளம்பிய பிறகு, எடுத்துவைப்பதற்காகக் காலிப் பெட்டியைப் பிரித்தேன். அட்டைக்கு அடியில் கடைக்கென்று தனியாக ஒரு சீட்டு.

"இருநூறு தோட்டா சுட்டுச் சோதித்தோம். ஒரு முறைகூடச் சிக்கவில்லை. பிடிக்கும் கை தளர்ந்திருந்தால்தான் இப்படி ஆகும். அணித் தலைவர் திரு. லைல் தொலைபேசியில் கேட்டுக்கொண்டபடி, தளர்ந்த கைக்கு ஏற்ற இளகிய ஸ்பிரிங் போட்டிருக்கிறோம்."

வர்ஜில் இரண்டு கையாலும் பிடித்திருந்த அந்தக் காப்பிக் கோப்பை ஞாபகம் வந்தது. சீராகக் கேட்ட அந்தப் பத்து வெடியும்.

வாசலுக்கு ஓடினேன். கடைசியாகக் கிளம்பிய லைல் தன் வண்டிக் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

"அன்னிக்கு நீங்க சுட்டப்போ சிக்கவே இல்லதானே?"

சீட்டைப் பார்த்தார். என் கையிலிருந்து வாங்கி நாலாகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்புறம் ஏன் அந்தத் துப்பாக்கிய ஊர் கேக்கத் திட்டினீங்க?"

"சிக்கினா எது மேலயாவது பழி விழுந்துதானே ஆகணும், நாடீன்?" வண்டியில் ஏறி உட்கார்ந்தார். "துப்பாக்கிக்கு வலிக்காது."