ஜன்னலோரம் நீட்டிய கை

நாரின் நகரில் பிற்பகல் இரண்டேமுக்கால். ஜன்னலோரம் மட்டுமே சிக்னல் கிடைப்பதால் எர்கின் செல்போனைக் குளிர்ந்த கண்ணாடியில் அழுத்திப் பிடித்தபடி நிற்கிறான். கேபிளின் மறுமுனையில் தங்கை பெர்மெட்டின் மடிக்கணினி. நேற்றைய அப்டேட்டில் காணாமல்போன வைஃபை டிரைவர் மென்பொருள் அதன் வழியே சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. மூன்று மணிக்கு அவளுக்கு வேலைக்கான நேர்காணல். "விண்டோஸ் போடுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். லினக்ஸாம் லினக்ஸ்!" "அசையாதண்ணே."

டிரைவர் ஏறிவிட்டது. திரையில் வைஃபை பெயர்கள் வரிசையாக முளைக்கின்றன. எதிர்வீட்டுக்காரர் தன் வைஃபையின் பாஸ்வேர்டை மாற்றி, புதுப் பெயரும் வைத்திருக்கிறார்: 'எர்கின், ஓசி போதும்'. "இதுக்கும் லினக்ஸ்தான் காரணமாண்ணே?" காது சிவக்க, எர்கின் கையை இறக்கப் பார்க்கிறான். "அப்படியே நில்லு. இண்டர்வியூ ஒரு மணி நேரம்."