இரட்டைக்கு ஒரு சட்டை

"அம்மா, மறைக்காம சொல்லு. அன்னிக்கு உனக்குப் பொறந்தது ஒண்ணா, ரெண்டா?"

தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த அம்மாவின் கால் நின்றது. முப்பத்தோரு வயது மகன் காலையில் பல்கூடத் தேய்க்காமல் செல்போனை நீட்டிக்கொண்டு இப்படிக் கேட்டால், எந்த அம்மாவுக்குத்தான் கால் ஓடும்?

"என்னடா உளர்ற?"

"நான் உளறல. இந்த ரிப்போர்ட் சொல்லுது."

அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்துப் பொருத்துகிறவன். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் தூக்கம் வராத ஆள். செத்துப்போன அப்பா, தன் பக்கத்து உறவைப் பற்றிக் கடைசிவரை வாயே திறக்கவில்லை. அந்த வழியில் ஒரு சித்தப்பாவாவது தேறுவாரா என்று பார்க்கத்தான் டிஎன்ஏ பரிசோதனைப் பெட்டி ஒன்றை வரவழைத்து, குழாயில் எச்சில் துப்பி அனுப்பினான். சித்தப்பா யாரும் கிடைக்கவில்லை. 'உங்கள் ஒரே உருவ இரட்டைச் சகோதரர், நூறு சதவீதப் பொருத்தம்' என்று ஒருவர் கிடைத்தார். சொந்தப் பெயர் போடவில்லை. 'புயல்' என்று மட்டும் இருந்தது.

"அவங்க தப்பாப் பார்த்திருப்பாங்கடா."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். உன்கிட்ட சொல்லாம இன்னொரு தடவை துப்பி அனுப்பினேன். அதேதான் வந்திருக்கு. ரெண்டு பேரை வளர்க்க முடியாதுன்னு ஒருத்தனைத் தத்துக் குடுத்துட்டியா?"

"குடுக்கிறவளா இருந்தா, நீ அழுத அழுகைக்கு உன்னையும் சேர்த்தே குடுத்திருப்பேன்."

அவன் சிரிக்கவில்லை. சாப்பிடாமல் வேலைக்குப் போனான். மறுநாளும் அப்படியே. அம்மாவிடம் பேசினால் அந்த ஒரு கேள்விதான், வேறு பேச்சில்லை. பெற்ற தாயே தன்னிடம் பொய் சொல்கிறாள் என்ற நினைப்பு அவனை அரித்துக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் அம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"மயக்க மருந்து குடுத்து, வயித்தைக் கிழிச்சுத்தான்டா உன்னை எடுத்தாங்க. நான் கண்ணு முழிச்சப்போ பக்கத்துல நீ கெடந்தே. அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒண்ணை யாராவது தூக்கிட்டுப் போயிருந்தா..."

அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள். முப்பத்தோரு வருடம் ஒரு பிள்ளையைத் தேடாமலே இருந்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அம்மா அழுததும் அவனுக்குக் குழப்பம் கூடியது. இவள் மறைக்கிறாளா, இவளுக்கே தெரியாதா? புயலுக்கு வீட்டு விலாசத்தோடு செய்தி அனுப்பினான். 'ஞாயிறு காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வருகிறேன். இது போனில் பேசுகிற விஷயமில்லை' என்று பதில் வந்தது.

"வரானாம்மா."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு துணியை விரித்தாள். வருகிறவனை அளவெடுக்க வேண்டிய அவசியமில்லை. ஒரே உருவ இரட்டை என்றால் இவன் தோள்தானே அவனுக்கும், இவன் கை நீளம்தானே அவனுக்கும். இரண்டே நாளில் நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று காஜா எடுத்து, பட்டன் வைத்து, இஸ்திரியோடு தயாராகிவிட்டது.

"அவனுக்குத் தொப்பை இருந்தா என்ன பண்ணுவே?" என்றான் மகன்.

"உள்ள துணி விட்டுத்தான் தெச்சிருக்கேன். பிரிச்சு விட்டுக்கலாம்."

ஞாயிறு பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. அம்மா சட்டையும் கையுமாக ஓடிக் கதவைத் திறந்தாள். ஒல்லியாக, இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"துணி தைக்கணும்னா நாளைக்கு வாம்மா. இன்னிக்கு எங்க பெரிய பையன், இல்ல, சின்னப் பையன்... ஒரு பையன் வரான்."

"நான்தாங்க புயல்."

அம்மா பெண்ணைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள். மகன் செல்போனைப் பார்த்தான்.

"நீங்களா? இதுல ஆம்பளைன்னு போட்டிருக்கே."

"எனக்கும் அப்படித்தாங்க வந்துச்சு. எங்கம்மாவுக்கும் எனக்கும் ரத்த சம்பந்தமே இல்லைன்னு வேற வந்துச்சு. அவங்க ரெண்டு நாள் அழுதாங்க."

அம்மாவின் குரல் தாழ்ந்தது. "அப்போ, உன்னைப் பெத்தது நானாம்மா?"

"இல்லீங்க, எங்கம்மாவேதான். டாக்டர்கிட்ட கேட்டுட்டோம். பெட்டிக்குள்ள இருந்த காகிதத்தை நான்தான் ஒழுங்காப் படிக்கல. என்னை மாதிரி ஆளுங்க எச்சில் அனுப்பக்கூடாதுன்னு அதுல இருக்கு."

அவள் உள்ளே வந்து, உட்காராமல், அவன் எதிரில் நின்றாள்.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு ரத்தப் புற்றுநோய். பொழைக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க. முன்பின் தெரியாத ஒருத்தர் எலும்பு மஜ்ஜை குடுத்தார். அதுலேர்ந்து என் உடம்புல ஊறுறது அவரோட ரத்தம், அதான் எச்சில்லயும் அவரோட டிஎன்ஏ வந்திருக்கு. அவர் யாருன்னு ஆஸ்பத்திரியில எவ்வளவு கேட்டும் சொல்லல."

அம்மா மெல்லத் திரும்பி மகனைப் பார்த்தாள். உண்மையைச் சொல், உண்மையைச் சொல் என்று ஒரு வாரமாக அவளைக் குடைந்தெடுத்தவன், தரையைப் பார்த்தபடி, "ஆறு வருஷத்துக்கு முன்னாடி அந்த மூணு நாள் நான் கடை வேலையா வெளியூருக்குப் போகலம்மா, ஊசின்னாலே நீ பயப்படுவேன்னு பொய் சொன்னேன்" என்றான்.