நாய்க்குத் துணை

"மூச்சு இரைச்சுக்கிட்டே இருக்கு டாக்டர். இந்த வெயில்ல இவன் படற பாட்டைப் பார்த்து எனக்கு ராத்திரி தூக்கமே போச்சு," என்றாள் அந்தப் பெண்.

கம்பவுண்டர் நாயை வாங்கி மேஜையில் விட்டார். புசுபுசுவென்று பஞ்சுப் பொதி மாதிரி இருந்தது. அதன் முகத்துக்கு நேராகக் கையடக்க ஃபேனைப் பிடித்தபடி அவள் கணவன். அவனுக்குப் பின்னால், நாயின் மெத்தை, தண்ணீர் பாட்டில், கிண்ணம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அவன் அப்பா.

டாக்டரம்மா நாயை நிதானமாகச் சோதித்தார்.

"பகல்ல எங்க விடறீங்க?"

"எங்க ரூம்லதான். நாங்க ஆபீஸ் போனாலும் இவனுக்காக ஏ.சி. ஓடிக்கிட்டே இருக்கும்."

"தனியாவா?"

"ஆமா."

"பெரியவர் எங்க இருப்பார்?"

"மாமா மொட்டை மாடி ரூம்ல. தகரக் கூரைதான், ஆனா காத்து பிச்சுக்கும்."

"அப்பாவுக்கு ஏ.சி. ஒத்துக்காது டாக்டர்," என்று கணவன் ஒத்து ஊதினான்.

பெரியவர் சுமையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து, கழுத்தில் வழிந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "தனியா விடறதுதான் தப்பு. வெயில் காலத்துல இந்த ஜாதி நாய் பயந்துடும். பக்கத்துல ஆள் இருக்கணும். சின்ன வயசுக்காரங்க சரிப்படாது, ஓடிக்கிட்டே இருப்பாங்க. வயசானவரா, ஒரே இடத்துல உட்காருறவரா இருந்தா நல்லது."

"மாமா இருக்காரே," என்றாள் மருமகள் சட்டென்று.

"அப்போ அவர் கட்டிலை உங்க ரூம்லயே போடுங்க. ராத்திரியும் அங்கேயே தூங்கட்டும். அவர் அடிக்கடி மோர், தண்ணி குடிக்கணும். அவர் குடிச்சாத்தான் அதைப் பார்த்து இவனும் குடிப்பான்."

"பழம் கொடுக்கலாமா டாக்டர்?"

"தாராளமா. முதல்ல பெரியவர் வயிறாரச் சாப்பிடட்டும். மிச்சத்துல ஒரு துண்டு இவனுக்கு. வெயில் தணியற வரைக்கும் அவரைக் கடைகண்ணிக்கு அனுப்பாதீங்க. வெளி வெக்கையோட வந்து தொட்டா இவனுக்கு ஆகாது."

மருமகள் ஒன்று விடாமல் செல்போனில் பதிவு செய்துகொண்டாள். "என்னங்க, போன உடனே மாமா கட்டிலைக் கீழ இறக்கிடுங்க. நாம ஹால்ல படுத்துக்கலாம். நம்ம செல்லத்தைவிட நமக்கு என்ன பெருசு?"

கணவன் மறுபேச்சில்லாமல் தலையாட்டினான்.

கம்பவுண்டருக்கு ஆத்திரம் வந்தது. பெற்று வளர்த்த மனிதரை நாய்க்கு ஆயாவாக்கி அனுப்புகிறாரே இந்த அம்மா. யாரையும் முகத்துக்கு நேரே கேட்கிறவர் என்று பேர். கார்க்காரர்களைக் கண்டால் மட்டும் ஜால்ரா.

அவர்கள் கார் கிளம்பியதும் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார். "அந்த நாய்க்கு அப்படி என்னம்மா வந்துடுச்சு? ஒரு பெரிய மனுஷனைப் போய் அதுக்குக் காவல் வெச்சுட்டீங்களே."

டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"நாய் குத்துக்கல்லாட்டம் இருக்கு. அந்தப் பெரியவர்தான் வெயில்ல சுருண்டு விழப்போறார்; அவருக்காக ஏ.சி. போடுங்கன்னு சொல்லியிருந்தா, அவங்க போட்டிருப்பாங்களா?"