நான்கு விரற்கடை

கணவனின் நாட்டுத் துப்பாக்கிக்குள் மருந்து கெட்டித்திருக்கிறதா என்று செவந்திக்குத் தெரியவில்லை. வரப்புத் தகராறு பேச அவன் தம்பி வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"பேசத்தானே போறீங்க, இது எதுக்கு?"

"வெறுங்குழாய்டி. தோள்ல சும்மா கெடக்கட்டும்."

அவன் குளிக்கப் போனதும் குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டு, வாய் விளிம்பு தொட்ட இடத்தில் கரியால் குறித்தாள். பிறகு அதை உருவிக் குழாயின் வெளிப்புறத்தில் வைத்து அளந்தாள். நெருப்பு உள்ளே போகும் துளைக்கு நான்கு விரற்கடை முன்பே கம்பி நின்றுவிட்டிருந்தது. மருந்தும் குண்டும் உள்ளேதான் இருந்தன.

கருமருந்து நனைந்தால் பற்றாது. ஆனால் வாய்வழியாக ஊற்றும் தண்ணீரைக் குண்டு தடுத்துவிடும். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. செவந்தி ஈரத்துணியை அந்தத் துளையின் மேல் வைத்து, சொட்டுச் சொட்டாகப் பிழிந்தாள்.